சண்டைக் காட்சியும் பிள்ளைகளும்: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழு எதற்காகக் கூடினாலும் சரி, கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, சத்துணவு எல்லாம் பேசி முடித்து எழும் நேரத்தில் யாராவது ஒருவர், "டீச்சர், எம்புள்ள போன்ல எந்நேரமும் யாரையாவது சுட்டுக்கிட்டே இருக்கான்" என்று ஆரம்பிப்பார். எழுந்தவர்கள் எல்லாரும் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்துவைக்கத் தொடங்கினேன். பதில் தெரியாதவற்றுக்குத் தேடிப் படித்தேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க டீச்சர். சண்டைப் படம் பார்த்தா புள்ள கெட்டுப்போகுமா, போகாதா?

படம் பார்த்ததால் மட்டும் ஒரு பிள்ளை ரவுடி ஆவதில்லை. ஆனால் படம் ஒன்றுமே செய்யாது என்பதும் பொய். இடிப்பது, தள்ளுவது, கத்துவது, அடுத்தவன் தெரியாமல் கால் இடறினாலும் வேண்டுமென்றே செய்தான் என்று நினைப்பது போன்ற சின்ன விஷயங்களில் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. கத்தியை எடுப்பது போன்ற பெரிய விஷயங்களுக்கு வேறு காரணங்கள் முன்னால் நிற்கின்றன: வீட்டில் விழும் அடி, அப்பாவின் குடி, சேருகிற கூட்டம், சாதி.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் அறிஞர்களுக்குள் சண்டை. அந்தச் சண்டையிலும் ரத்தம் சிந்தவில்லை என்பது ஓர் ஆறுதல்.

இதை யாராச்சும் சோதிச்சுப் பார்த்திருக்காங்களா, இல்ல நீங்களா சொல்றீங்களா?

பார்த்திருக்கிறார்கள். 1961-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். தள்ளிவிட்டால் திரும்ப எழுந்து நிற்கும் காற்றடைத்த பொம்மை ஒன்று. பெரியவர் ஒருவர் அதை உதைக்கிறார், சுத்தியலால் அடிக்கிறார், திட்டுகிறார். ஒரு பகுதிக் குழந்தைகள் அதைப் பார்த்தார்கள், மற்றவர்கள் பார்க்கவில்லை. பிறகு அதே பொம்மையோடு தனியாக விட்டபோது, பார்த்தவர்கள் அந்தப் பெரியவர் செய்ததை அச்சு அசலாகச் செய்தார்கள், திட்டிய வார்த்தை உட்பட.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1965-இல் அவர் வெளியிட்ட இன்னொரு சோதனை. இந்த முறை படமாகக் காட்டினார்கள். ஒரு குழுவுக்குக் காட்டிய படத்தின் முடிவில் அடித்தவருக்குப் பாராட்டும் தின்பண்டமும் கிடைத்தன. இன்னொரு குழுவின் படத்தில் அடித்தவர் திட்டும் அடியும் வாங்கினார். மூன்றாவது குழுவின் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அடித்தவர் தண்டனை பெற்றதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் அதைப் போலச் செய்தார்கள். ஆனால் "அவர் செய்ததைச் செய்துகாட்டு, ஜூஸும் ஸ்டிக்கரும் தருகிறேன்" என்றதும் எல்லாக் குழுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்துகாட்டினார்கள். அடிக்கும் விதத்தை எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதை வெளியே எடுக்கலாமா வேண்டாமா என்பதைத்தான் அடித்தவனுக்கு என்ன ஆனது என்ற காட்சி தீர்மானித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் இதற்குத் திரும்பி வருவேன்.

அடிக்கிறதுக்குன்னே செஞ்ச பொம்மைய அடிச்சா அதுக்குப் பேரு வன்முறையா?

இதைக் கேட்டவர் தச்சு வேலை செய்யும் ஒரு அப்பா. நல்ல கேள்வி, பாண்டுராவை விமர்சித்த ஆய்வாளர்களும் இதையேதான் கேட்டார்கள். பொம்மையை உதைப்பவன் தம்பியை உதைப்பான் என்று அந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. அதனால் வெளியுலகத்திலும் தேடிப் பார்த்தார்கள்.

கனடாவில் ஒரு சிற்றூர். மலைக்கு நடுவில் இருந்ததால் 1973 வரை அங்கே தொலைக்காட்சி எட்டவில்லை. பெட்டி வந்து இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது பள்ளி மைதானத்தில் அடிதடியும் ஏச்சும் கூடியிருந்தன. அட்லாண்டிக் கடலின் நடுவில் செயின்ட் ஹெலனா என்ற தீவுக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அங்கேயும் பள்ளி மைதானத்தில் கேமரா வைத்துப் பல வருடம் கவனித்தார்கள். பிள்ளைகள் மோசமாகவில்லை. யார் வீட்டுப் பிள்ளை எங்கே நின்றாலும் பார்க்கிற கண் உள்ள சின்ன ஊர் என்பதால் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

சிகாகோவில் 1970-களின் இறுதியில் 6 முதல் 10 வயதிலிருந்த பிள்ளைகளை ஏறத்தாழ 15 வருடம் கழித்துத் தேடிப்பிடித்துப் பேசியதும் உண்டு. சிறுவயதில் வன்முறை நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்கள் பெரியவர்களான பிறகும் கொஞ்சம் அதிக முரட்டுத்தனம் காட்டினார்கள். திரையில் அடிப்பவனோடு தன்னை ஒன்றாக நினைத்த பிள்ளைகளிடமும், "இதெல்லாம் நிஜத்திலும் இப்படித்தான்" என்று நம்பிய பிள்ளைகளிடமும் அது கூடுதலாக இருந்தது.

அப்போ ரத்தம் வராத படமா பார்த்துக் காட்டினா போதுமா?

போதாது. எல்லாரும் தவறாகப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் இதுதான். ரத்தத்தின் அளவைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது யார் அடிக்கிறார், எதற்காக, அடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதை.

1990-களின் நடுவில் அமெரிக்காவில் மூன்று வருடம், சுமார் 10,000 மணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை உட்கார்ந்து எண்ணினார்கள். எந்த வகைக் காட்சி பிள்ளைகளிடம் ஒட்டிக்கொள்ளும் என்று முந்தைய ஆய்வுகளை வைத்து ஒரு பட்டியலும் போட்டார்கள். அடிப்பவர் நல்லவர், அழகானவர்; அடிக்கு நியாயமான காரணம் உண்டு; தண்டனை இல்லை; அடிபட்டவனின் வலியைக் காட்டுவதில்லை; நடுவில் சிரிப்பு உண்டு. அவர்கள் பார்த்த வன்முறைக் காட்சிகளில் நான்கில் மூன்றில் வருத்தமோ கண்டனமோ தண்டனையோ எதுவுமே இல்லை.

இந்தப் பட்டியலைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஊர் ஹீரோ அறிமுகச் சண்டையை நேரில் பார்த்து எழுதியது போலவே இருந்தது. இருபது பேர் பறந்துபோய் வாழைத்தாரிலும் பானைக் கடையிலும் விழுவார்கள். அவர்களில் ஒருவனாவது ஆஸ்பத்திரியில் கிடந்து, அவன் பெண்டாட்டி சாப்பாட்டுக் கேரியரோடு வார்டு வாசலில் நிற்கும் காட்சியைப் பார்த்திருக்கிறோமா? ஹீரோ மேல் எஃப்.ஐ.ஆர் விழுகிறதா? அடுத்த ஷாட்டில் அவர் பாட்டுக்கு ஆடப் போய்விடுகிறார்.

காமெடியும் இதில் சேர்த்திதான். கவுண்டமணி உதைக்க செந்தில் வாங்கியதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவள் நான். இன்றைக்கும் சிரிப்பேன். ஆனால் வகுப்பில் ஒருவன் பக்கத்துப் பையன் பிடரியில் தட்டிவிட்டு "சும்மா காமெடிக்கு டீச்சர்" என்று சொல்லும்போது, வலி யாருக்கோ இருக்கிறது, சிரிப்பு வேறு யாருக்கோ இருக்கிறது. காதலிக்க மறுக்கும் பெண்ணைப் பின்தொடர்வதும், பிறகு ஓர் அறை விட்டுத் 'திருத்துவதும்' இதே கணக்குதான். அங்கே ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. என் பார்வையில், கோரமாகக் காட்டி முகம் சுளிக்க வைக்கும் படத்தைவிட இது அதிகம் ஒட்டிக்கொள்கிறது.

எங்க வீட்ல கார்ட்டூன் மட்டுந்தான். அது பரவாயில்லதானே?

பெரிய பிள்ளைக்குப் பரவாயில்லை. நான்கு வயதுக் குழந்தைக்குக் கார்ட்டூன் என்பதும் ஒரு நிஜம். பாண்டுரா 1963-இல் செய்த சோதனையில் ஒரு குழுவுக்குக் கறுப்புப் பூனை வேடம் போட்டவர் பொம்மையை அடிக்கும் படத்தைக் காட்டினார். நேரில் ஓர் ஆள் அடிப்பதைப் பார்த்த குழந்தைகளுக்குச் சற்றும் குறையாமல் பூனைக் குழுவும் பொம்மையைப் போட்டு அடித்தது.

பாறை விழுந்து தட்டையான விலங்கு அடுத்த நொடியில் எழுந்து ஓடும்போது நமக்கு அது நகைச்சுவை. சின்னக் குழந்தைக்கு, பாறை விழுந்தால் ஒன்றும் ஆகாது என்ற செய்தி. "நிஜத்துல விழுந்தா ரொம்ப வலிக்கும், எந்திரிக்கவே முடியாது" என்று பக்கத்திலிருந்து ஒருவர் சொல்வது பெரிய வேலை ஒன்றுமில்லை.

எந்த வயசுல எதைக் காட்டலாம்? ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அது முக்கியமாக உடல் அசைவையும் தூக்கத்தையும் நினைத்துச் சொன்னது. சோறு ஊட்டப் போனைக் கையில் கொடுக்கும் வீடுகளில் இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அதற்கு மேல் வயதுக் கணக்கைவிட, எதைப் பார்த்து எந்த வயது பயப்படும் என்று தெரிந்துகொள்வது உதவும். ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளை உருவத்தைப் பார்த்துப் பயப்படும்: கோரைப்பல், சிவந்த கண், திடீர்ச் சத்தம். கதையில் அந்தப் பூதம் நல்ல பூதம் என்றாலும் பயன் இல்லை. எட்டு ஒன்பது வயதுக்கு மேல் பேய் பயம் மெல்லக் குறைந்து, நிஜமாகவே நடக்கக்கூடியவை பயமுறுத்தும்: கடத்தல், திருட்டு, அம்மா அப்பாவுக்கு ஏதாவது ஆவது. ஆகவே மூத்தவன் சிரிக்கும் பேய்ப் படம் இளையவளைத் தூங்கவிடாது. இளையவள் கண்டுகொள்ளாத செய்தி மூத்தவனைத் தூங்கவிடாது.

யு/ஏ போட்டிருந்தா குடும்பத்தோட போகலாம்னுதானே அர்த்தம்?

"பெற்றோரே, நீங்கள் யோசித்து முடிவு செய்யுங்கள்" என்று அர்த்தம். 1983 வரை யு, ஏ இரண்டும்தான் பிரதானம். நடுவில் யு/ஏ அப்போதுதான் வந்தது. அது இருபுறமும் இழுபடும் சாக்குப்பை ஆகிவிட்டதால், 2023-இல் சட்டத்தைத் திருத்தி, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 16+ படத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையோடு போனால் தியேட்டர்காரர் தடுக்க வேண்டியதில்லை, பொறுப்பு உங்கள் தலையில். ஏ என்றால் மட்டும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அனுமதிக்கக் கூடாது. டிக்கெட் எடுத்துவிட்டோமே என்று வாசலில் நின்று அந்த ஊழியரிடம் சண்டை போடாதீர்கள், அவர் சட்டப்படி நடக்கிறார். பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓடிடி தளங்களில் 2021 விதிகளின்படி இதே மாதிரி வயது வகை உண்டு, ஆனால் அதைப் போட்டுக்கொள்வது அந்தந்த நிறுவனமே.

சான்றிதழுக்குப் பின்னால் பணமும் உண்டு. 2011-இல் தமிழக அரசு, யு சான்றிதழ் வாங்கிய படத்துக்குத்தான் கேளிக்கை வரிவிலக்கு என்று நிபந்தனை வைத்தது. யு வாங்க வேண்டுமே என்று ரத்தத்தை வெட்டினார்கள், கெட்ட வார்த்தையை ஊமையாக்கினார்கள். ஹீரோ இருபது பேரைத் தூக்கி எறிவது அப்படியே இருந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி வந்த பிறகு பழைய வரிவிலக்குக் கணக்கு போய்விட்டது. மேலே நான் சொன்ன பட்டியலோடு இதை வைத்துப் பாருங்கள்: எது வெட்டப்பட்டது, எது தப்பியது என்று.

சினிமால்லாம் எப்பவாச்சுந்தான் டீச்சர். எங்க மாமியார் நாள் முழுக்க சீரியல் பார்க்காங்க, குழந்தை அவங்க மடியில. அது?

விஷம் வைப்பது, மாடிப்படியில் எண்ணெய் ஊற்றுவது எல்லாம் சீரியலில் சாதாரணம். ஆனால் பிள்ளைகள் அதிகம் எடுத்துக்கொள்வது அதை அல்ல. ஒட்டுக்கேட்பது, ஒருத்தியை ஒதுக்கிவைப்பது, கோள் மூட்டுவது, குத்திப் பேசுவது. ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் சண்டைகளில் அந்த வசனங்களை நான் முழுசாகக் கேட்டிருக்கிறேன். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

நியூஸ் பார்த்தா அறிவு வளரும்னு போட்டுவிடுறேன். அதுல தப்பில்லையே?

பேப்பரைப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது ஒரு வேளைச் செய்தியை நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். சிசிடிவியில் பதிவான ஒரு கொலையை வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பின்னணி இசையோடு நாற்பது தடவை ஓட்டுவதில் என்ன அறிவு வளரும்? 2023 ஜனவரியில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே இந்த மாதிரிக் காட்சிகளைக் காட்டாதீர்கள் என்று சேனல்களுக்கு அறிவுறுத்தல் அனுப்ப வேண்டிவந்தது.

2013-இல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்தவர்களிடம், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மன அழுத்த அறிகுறிகள் தெரிந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. பெரியவர்களுக்கே இப்படி. சின்னப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல் உண்டு: நாற்பது தடவை காட்டினால் நாற்பது பேரைக் கொன்றுவிட்டார்கள் என்றே அது நினைக்கக்கூடும்.

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் விளையாடுறவன் நிஜத்துலயும் சுடத் துணிவானா?

அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தெளிவாகவே சொன்னது: வன்முறை விளையாட்டுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு தெரிகிறது, கொடூரக் குற்றங்களோடு அதை முடிச்சுப்போட ஆதாரம் போதாது. 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 14, 15 வயதுள்ள சுமார் 1,000 பிரிட்டன் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிள்ளையின் நடத்தை பற்றிப் பெற்றோரிடமே கேட்டார்கள். அந்தச் சின்னத் தொடர்புகூட அவர்களுக்குத் தெரியவில்லை. வீடியோ கேமில் ஊறிய நாடுகளான ஜப்பானிலும் தென்கொரியாவிலும் கொலை விகிதம் உலகத்திலேயே மிகக் குறைவானவற்றில் ஒன்று.

இந்தியாவில் பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தது பிள்ளைகளின் வன்முறைக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. அடுத்த வருடம் வேறு பெயரில் திரும்பி வந்தது. அதில் ரத்தத்தைப் பச்சை நிறமாக்கியிருந்தார்கள்! ரத்தத்தை மட்டும் பார்த்து மற்றதை விடுகிறோம் என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

போனைப் பிடுங்கினா அடிக்க வாரான், தட்டை வீசுறான். இது கேம் சொல்லிக்கொடுத்ததுதானே?

பெரும்பாலும் இல்லை. பழ வெட்டும் விளையாட்டோ மிட்டாய் அடுக்கும் விளையாட்டோ ஆடுகிறவனிடம் பாதியில் பிடுங்கினாலும் இதே கோபம் வரும். ஆட்டத்தின் நடுவில் விட்டால் தோற்றதாகக் கணக்கு, கூட ஆடும் நண்பர்கள் திட்டுவார்கள், அடுத்த பரிசு கண்ணெதிரே இருக்கிறது. ஆகவே "இந்த ஆட்டம் முடிந்ததும் வை" என்று சொல்லிப் பாருங்கள், "இப்பவே வை" என்பதைவிட நடக்கிறது.

விளையாட்டுக்காகத் தூக்கம், சாப்பாடு, பள்ளி, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் போனால் அது வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் உள்ள பதிப்பில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. பொதுவாக ஒரு வருடம் இப்படி இருந்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

எங்க காலத்துல இவ்வளவு கொலை இல்லயே. எல்லாம் சினிமா வந்த பிறகுதானே?

தாத்தா ஒருவர் கேட்டது. அவர் தாத்தா காலத்திலும் இதைத்தான் பேசினார்கள். 1927-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு சினிமாவை விசாரிக்க ஒரு குழு போட்டது. தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். வெளிநாட்டுப் படங்களால் ஒழுக்கம் கெடுகிறதா, தணிக்கை போதுமா என்று ஊர் ஊராகப் போய்ச் சாட்சி கேட்டார்கள். படத்துக்கு அப்போது குரல்கூட வரவில்லை, ஊமைப்படக் காலம்.

குற்றத்தோடு நேரடியாகக் கணக்குப் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் 1995 முதல் 2004 வரை, வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் அதிகம் வந்த நாட்களில் அடிதடிக் குற்றங்கள் கூடினவா என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் பார்த்தார்கள். குறைந்திருந்தன. காரணம் எளிது: சண்டை போடக்கூடிய வயதுப் பையன்கள் அந்த நேரத்தில் தியேட்டருக்குள் இருக்கிறார்கள், குடிக்காமல் இருக்கிறார்கள். அந்த ஆய்வு அன்றைய நாளைப் பற்றித்தான் பேசுகிறது, பிள்ளை பத்து வருடத்தில் எப்படி வளரும் என்பதைப் பற்றி அல்ல. தாத்தாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஸ்கூல் பையனே அரிவாளோட வாரான். இதுக்கும் சினிமா காரணம் இல்லம்பீங்களா?

எங்கள் பக்கத்து மாவட்டங்களில் இந்தக் கேள்வியை லேசாகக் கேட்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படிக்கிற பையனையே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் சேர்த்து. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை சாதியைப் பற்றிப் பேசியது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, வகுப்பறையில் உட்காரும் இடம், பள்ளிப் பெயரில் இருக்கும் சாதி என்று உள்ளே போய்ப் பார்த்தது. சினிமாவைக் குற்றம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது நமக்கு வசதி. அந்தப் பையனுக்கு "நாம யாரு தெரியுமா" என்று முதலில் சொல்லிக்கொடுத்தது திரை இல்லை, திண்ணை.

ஆனால் சினிமாவை முழுதாக விடுவிக்கவும் மாட்டேன். வெறி வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வருகிறது. அது என்ன உருவத்தில் வெளிவர வேண்டும் என்பதைத் திரை காட்டிக்கொடுக்கிறது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடப்பது, பின்னணியில் எந்தப் பாட்டு, சட்டைக் காலரை எப்படி விடுவது என்பதெல்லாம் ரீல்ஸில் அப்படியே வருகிறது. பாண்டுராவின் குழந்தைகள் திட்டு வார்த்தையைக்கூட மாற்றாமல் சொன்னார்கள் இல்லையா, அதேதான். அந்த ரீல்ஸுக்குக் கீழே விழும் லைக், படத்தின் முடிவில் கொடுத்த தின்பண்டம்.

சூரசம்ஹாரத்துக்குப் புள்ளையத் தோள்ல தூக்கிட்டுப் போறோமே, அங்கயும் தலையத்தானே வெட்டுறாங்க?

இந்தக் கேள்வி என்னை ஒரு வாரம் யோசிக்க வைத்தது. திருச்செந்தூர் கடற்கரையில் யானைமுகன் தலை விழுகிறது, சிங்கமுகன் தலை விழுகிறது, கடைசியில் சூரன். குழந்தைகள் கைதட்டுகிறார்கள். யாரும் வீட்டுக்கு வந்து வேல் எடுத்துக் குத்துவதில்லை.

வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், முதலில் அது வருடத்துக்கு ஒரு நாள், ஊர் முழுக்கச் சுற்றி நிற்க நடக்கிறது. தனியாக மெத்தையில் படுத்துக்கொண்டு தினமும் பார்ப்பது இல்லை. அப்புறம், சூரன் அழிந்து ஒழிவதில்லை. மயிலாகவும் சேவலாகவும் முருகனிடமே சேர்ந்துவிடுகிறான். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் படுகளம் பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். துரியோதனன் விழுந்ததும் கதை முடிந்துவிடாது. அவனுக்காக ஒப்பாரி எழும். கெட்டவன்தான், ஆனாலும் அவனுக்கு அழ ஒருத்தி இருக்கிறாள் என்பதைக் கூத்து காட்டாமல் விடுவதில்லை. ஹீரோ அறிமுகச் சண்டையில் நான் தேடிய ஆஸ்பத்திரிக் காட்சி இதுதான்.

கோபத்தை கேம்ல கொட்டித் தீர்த்துட்டா நிஜத்துல குறையும்ல?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆய்வுகள் ஒத்துக்கொள்ளவில்லை. 2002-இல் வெளிவந்த ஒரு சோதனையில், கோபமூட்டப்பட்ட கல்லூரி மாணவர்களைக் குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள். கோபப்படுத்தியவனை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியது. சும்மா இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அமைதியானார்கள்.

பெரியவங்க நாங்க என்ன, பார்த்து வெட்டவா போறோம்? எங்களுக்கென்ன பாதிப்பு?

வெட்டப் போவதில்லை. பயப்படப் போகிறீர்கள், அது சில நேரம் அதைவிட ஆபத்து. எந்நேரமும் குற்றத்தையே பார்ப்பவர் உலகத்தை உள்ளதைவிடக் கொடியதாக நினைக்கிறார் என்று ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் பல வருடம் சொல்லிவந்தார்.

2018 மே மாதம் நினைவிருக்கிறதா? பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வீடியோக்கள் சுற்றின. அதில் ஒன்று, பைக்கில் வந்தவர்கள் தெருவில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது. உண்மையில் அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். குழந்தையைத் திருப்பி இறக்கிவிட்டு அட்டையைக் காட்டும் முடிவை வெட்டிவிட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மா குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். ஊரே கூடி அடித்ததில் செத்துப்போனார். அடித்தவர்கள் எல்லாரும் உங்களையும் என்னையும் போலப் பிள்ளை பெற்றவர்கள். அந்த வருடம் ஜூலையில்தான் வாட்ஸப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி ஆக்கியது.

பேசாம எல்லாத்தையும் தடை பண்ணிட்டா என்ன?

பப்ஜி கதையை மேலே சொன்னேன். சீனா 2021-இல் 18 வயதுக்குட்பட்டவர்களின் ஆன்லைன் விளையாட்டை வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று சுருக்கியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்றது. உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கண்டுபிடித்த பிள்ளை இந்தச் சட்டங்களை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, நான் ராத்திரி எட்டு மணிக்கு வேலைய விட்டு வாரேன். என்னால என்ன முடியும்?

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஓர் அம்மா கேட்டது. நாள் முழுக்கக் காவல் இருக்க முடியாது, தேவையும் இல்லை. வாரத்தில் ஒரு தடவை அவன் பார்ப்பதைக் கூட உட்கார்ந்து பாருங்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு பார்க்காதீர்கள். பெற்றோர் பேசாமல் கூட உட்கார்ந்தால், அம்மாவே ஒத்துக்கொண்டாள் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. ஏதாவது பேசிக்கொண்டே பார்க்கும் வீடுகளில்தான் முரட்டுத்தனம் குறைவு என்று இதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பேச்சு என்றால் உபதேசம் வேண்டாம். "இப்ப அவன் விழுந்தானே, அவன் வீட்ல யாரு இருப்பா?" "அடிக்காம வேற என்ன பண்ணிருக்கலாம்?" அவ்வளவு போதும். நாலு தடவை கேட்டால் ஐந்தாம் தடவை அவனே கேட்பான். ஒரு ஏழாம் வகுப்புப் பையன் என்னிடம் வந்து, "டீச்சர், அந்தக் கார் வெடிச்சுச்சுல்ல, அதுக்கு இ.எம்.ஐ யாரு கட்டுவா?" என்று கேட்டான். போதும் என்று நினைத்தேன்.

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை நேரில் பார்க்கும் அடி, திரையில் பார்க்கும் அடியைவிடப் பல மடங்கு பெரியது. "சண்டைப் படம் பார்க்காதே" என்று சொல்லிக்கொண்டே முதுகில் இரண்டு வைப்பவர்களையும் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். பள்ளியில் அடிப்பதற்கு 2009 கல்வி உரிமைச் சட்டமே தடை போட்டிருக்கிறது. எங்களில் சிலர் அதை இன்னும் படிக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு வெட்டு வீடியோவப் பார்த்துட்டா. ராத்திரி தூங்க மாட்டேங்கா. என்ன செய்ய?

ஏன் பார்த்தாய் என்று முதலில் ஆரம்பிக்காதீர்கள், அடுத்த தடவை உங்களிடம் சொல்லவே மாட்டாள். சின்னப் பிள்ளைக்கு விளக்கம் எடுபடாது: மடி, விளக்கு வெளிச்சம், கையில் ஒரு பொருள், பக்கத்தில் படுப்பது. பத்து வயதுக்கு மேல் என்றால் பேச வேண்டும். எங்கே நடந்தது, பிடித்துவிட்டார்களா, நம் தெருவில் அப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று உண்மையாகவே சொல்லுங்கள். அந்த வீடியோவை அனுப்பியவர் யார் என்று மெதுவாக விசாரியுங்கள். பெரும்பாலும் குடும்ப குரூப்பில் ஒரு சித்தப்பாவாக இருப்பார். சில வாரங்கள் ஆகியும் பயம் குறையவில்லை, பள்ளிக்கு வர மறுக்கிறாள் என்றால் மேலே கொடுத்த எண்ணில் பேசுங்கள். பிள்ளையை யாரோ நேரில் துன்புறுத்துவது போல் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

நீங்க சண்டைப் படம் பார்ப்பீங்களா டீச்சர்?

தீபாவளிக்கு முதல் நாள் முதல் காட்சி, என் தம்பி குடும்பத்தோடு. ஹீரோ வரும்போது விசிலும் அடிப்பேன். போன வருடம் இடைவேளையில் தம்பி மகள் பாப்கார்னை மென்றுகொண்டே, "அத்தை, அந்த முட்டைக் கடைக்காரர் பாவம்ல, எல்லாம் உடஞ்சுபோச்சு" என்றாள். இரண்டாம் பாதி முழுக்க எனக்கு அந்த முட்டைக் கடைக்காரர் ஞாபகமாகவே இருந்தது.